மேட்டுப்பாளையம் மலை ரயில்: ஏறிப் பார்க்கவும் படம் எடுக்கவும்

முதல் தடவை கேமராவோடு மேட்டுப்பாளையம் ஸ்டேஷனுக்குப் போனபோது நான் அடித்த கூத்தை முதலில் சொல்லிவிடுகிறேன். ரயில் என்றால் இன்ஜின் முன்னால்தான் இருக்கும் என்ற நினைப்பில் நேராக நடைமேடையின் ஊட்டிப் பக்க முனைக்குப் போய், லென்ஸை முழுசாக இழுத்து வைத்துக்கொண்டு, நல்ல இடம் பிடித்துவிட்ட பெருமையோடு நின்றேன். விசில் சத்தம் கேட்டது. என்னை நோக்கி வந்தது ஒரு பெட்டி, அதன் முன்னால் கொடி பிடித்தபடி ஒரு பிரேக்ஸ்மேன். இன்ஜின் கடைசியில் வந்தது, அதுவும் கை நீட்டினால் தொடுகிற தூரத்தில். லென்ஸைச் சுருக்குவதற்குள் எனக்குக் கிடைத்தது ஒரு சக்கரமும் பாதி ஏணியும் மட்டுமே.

இந்த ரயிலில் ஏறும் திசையில் இன்ஜின் பின்னால் நின்று தள்ளும், இழுக்காது. இது பாதுகாப்புக்காகச் செய்த ஏற்பாடு. அவ்வளவு செங்குத்தான பாதையில் பெட்டியை இணைக்கும் கொக்கி விட்டுப்போனால் பெட்டிகள் கீழ்நோக்கி ஓடிவிடும், இன்ஜின் கீழ்ப்பக்கம் இருந்தால் அதுவே தாங்கிக்கொள்ளும். எங்கே உட்காருவது, எந்த முனையில் நிற்பது, எந்த வளைவில் எட்டிப் பார்ப்பது, எல்லாமே இந்த ஒரு விஷயத்திலிருந்துதான் வரும். இதை மறந்துவிட்டு மற்ற ரயிலுக்குச் செய்வதை இங்கே செய்தால் என் கதைதான் உங்களுக்கும்.

இன்னொன்றும் இப்போதே சொல்லிவிடுகிறேன், கேட்பவர்கள் குறைவு என்றாலும். பயணம் ஒரு நாள், படம் ஒரு நாள் என்று பிரித்துக்கொள்ளுங்கள். உள்ளே உட்கார்ந்திருப்பவரால் ஓடும் ரயிலின் முழு உருவத்தை எடுக்க முடியாது, வெளியே நிற்பவருக்குப் பயணம் கிடையாது. இரண்டையும் ஒரே நாளில் செய்யப் பார்த்து ஜன்னலுக்கும் வாசலுக்கும் ஓடிக்கொண்டே இருந்தவர்களை நான் நிறையப் பார்த்திருக்கிறேன், கூட வந்த குழந்தைகளுக்கு அப்பாவின் முதுகு மட்டும்தான் ஞாபகம் இருக்கும்.

முதலில் டிக்கெட். ரயில்வே முன்பதிவு இப்போது 60 நாளுக்கு முன்னால் திறக்கிறது. ஏப்ரல், மே மாதங்களுக்கும் தொடர் விடுமுறை நாட்களுக்கும் திறந்த அன்றைக்கே உட்கார்ந்தால்தான் உண்டு. காலை 7.10க்கு மேட்டுப்பாளையத்தில் கிளம்பும் ரயில் கிடைக்கவில்லை என்றால், மதியம் 2 மணிக்கு ஊட்டியிலிருந்து இறங்கும் ரயிலில் பாருங்கள். எல்லோருக்கும் ஏறுவதில்தான் ஆசை என்பதால் இறங்கும் ரயிலில் சில சமயம் இடம் இருக்கும். குன்னூருக்கும் ஊட்டிக்கும் நடுவே மட்டும் ஓடும் ரயில்களில் சுலபமாக இடம் கிடைக்கும், ஆனால் அந்தப் பகுதியில் வழக்கமாக இருப்பது டீசல் இன்ஜின். நீராவி வேண்டும் என்றால் மேட்டுப்பாளையம்–குன்னூர் பகுதிதான். இதைத் தெரிந்துகொள்ளாமல் குன்னூரில் ஏறி ஊட்டி போய்விட்டு, நீராவி ரயிலைப் பார்க்கவே இல்லை என்று சலித்துக்கொள்பவர்கள் உண்டு. நேரங்கள் சீசனுக்குச் சீசன் கொஞ்சம் மாறலாம், கிளம்பும் முன் ஒரு தடவை பார்த்துக்கொள்ளுங்கள்.

சென்னையிலிருந்து வருபவர்களுக்கு நீலகிரி எக்ஸ்பிரஸ்தான் வசதி. இரவு ஏறினால் விடியற்காலை மேட்டுப்பாளையத்தில் இறக்கிவிடும், மலை ரயில் கிளம்ப இன்னும் நேரம் இருக்கும். அந்த நேரத்தை இட்லிக்கு மட்டும் செலவழித்துவிடாதீர்கள். இன்ஜின் நீர் பிடிப்பது, எண்ணெய் போடுவது, பின்னால் வந்து பெட்டியோடு சேர்வது எல்லாம் அப்போதுதான் நடக்கும். மனிதர்களும் இன்ஜினும் சேர்ந்த நல்ல படங்கள் எனக்குக் கிடைத்தது பெரும்பாலும் அந்த முக்கால் மணி நேரத்தில்தான், ஓடும் ரயிலில் அல்ல. இன்ஜினில் நெருப்பைக் கவனிக்கும் ஃபயர்மேனிடம் "அண்ணே, ஒரு படம் எடுத்துக்கட்டுமா" என்று கேட்டுவிட்டு எடுங்கள். கேட்காமல் முகத்துக்கு நேரே கேமராவை நீட்டுவது எந்த ஊரிலும் மரியாதை இல்லை, இங்கே அவர் கையில் சூடான வேலை வேறு இருக்கிறது. விளம்பரத்துக்கோ சினிமாவுக்கோ எடுப்பதென்றால் ரயில்வேயிடம் முறையாக அனுமதி வாங்க வேண்டும், இந்தப் பாதை சேலம் கோட்டத்தைச் சேர்ந்தது.

எந்தப் பெட்டியில் உட்காருவது? முன்பக்கம் பாதை தெரிய வேண்டும் என்றால் ஊட்டிப் பக்கத்துப் பெட்டி. எனக்குச் சத்தம்தான் முக்கியம், அதனால் இன்ஜினுக்குப் பக்கத்துப் பெட்டியைத்தான் தேடுவேன். இன்ஜின் மூச்சு விடுவது முதுகுக்குப் பின்னால் கேட்டுக்கொண்டே வரும், கரித்தூளும் கொஞ்சம் சட்டையில் விழும். வெள்ளைச் சட்டை வேண்டாம். இன்ஜினைப் படம் எடுக்க விரும்புபவருக்கு ஒரு விதத்தில் முன்பெட்டியே மேல், ஏனென்றால் வளைவில் திரும்பும்போது ரயிலின் வால் முழுக்க ஜன்னலில் தெரியும், புகையோடு. 46 கிலோமீட்டருக்குள் 208 வளைவுகள், அதனால் ஒன்று தவறினால் அடுத்தது வரும், பதற வேண்டாம். பள்ளத்தாக்கு பார்க்க ஏறும்போது இடப்பக்கம் நல்லது என்று பலரும் சொல்வார்கள். எனக்குக் கிடைத்தது ஒரு தடவை வலப்பக்கம்தான், பாறையை உரசிக்கொண்டு போவதும் ஈரப் பாறையில் தொங்கும் வேர்களும் ஒன்றும் குறைச்சல் இல்லை.

பெட்டிகளில் கழிப்பறை கிடையாது. ஏறும் பயணம் ஐந்து மணி நேரத்துக்குக் கொஞ்சம் குறைவு. காலையில் காபியை அளவாகக் குடியுங்கள், நிற்கும் ஸ்டேஷன்களில் போய் வந்துவிடுங்கள். பெரிய பெட்டி படுக்கைகளுக்கும் இடம் இல்லை. நீலகிரியில் பிளாஸ்டிக் தண்ணீர் பாட்டிலுக்குத் தடை இருப்பதால் சொந்த பாட்டில் கொண்டு போங்கள். சொந்த வண்டியில் மலைக்குப் போகிறவர்களுக்குத்தான் இ-பாஸ், ரயிலிலும் அரசுப் பேருந்திலும் போகிறவர்களுக்கு அந்தத் தொல்லை இல்லை.

கிளம்பிய கொஞ்ச நேரத்துக்குச் சமதளம்தான், பவானி ஆற்றுப் பாலம், பாக்குத் தோப்புகள். கல்லார் வந்ததும் காதைத் தீட்டிக்கொள்ளுங்கள். அங்கேதான் இரண்டு தண்டவாளங்களுக்கு நடுவே பல் வைத்த தண்டவாளம் ஆரம்பிக்கிறது. ரயில் கிட்டத்தட்ட நின்றுவிடும் அளவுக்கு மெதுவாகி, இன்ஜினுக்கு அடியிலுள்ள பல்சக்கரம் அந்தப் பற்களில் போய்ப் பிடித்துக்கொள்ளும், அதன் பிறகு சத்தமே வேறு. ஆப்ட் என்ற சுவிட்சர்லாந்து பொறியாளரின் முறை இது: இரண்டு பல் பட்டைகள் பக்கத்தில் பக்கத்தில், ஒன்றின் பல் இருக்கும் இடத்தில் மற்றதன் பள்ளம், அதனால் எந்த நேரமும் ஏதாவது ஒரு பல் பிடியில் இருக்கும். 12 அடி போனால் ஓர் அடி ஏற்றம். ஆசியாவிலேயே செங்குத்தான ரயில் பாதை என்று இதைத்தான் சொல்கிறார்கள். வேகம் மணிக்கு 13 கிலோமீட்டர், பக்கத்தில் ஒருவர் சைக்கிளில் வந்தால் ஜெயித்துவிடுவார், ஆனால் அந்த ஏற்றத்தில் சைக்கிளை யார் மிதிப்பது.

இன்ஜினைப் பற்றிக் கொஞ்சம் தெரிந்திருந்தால் படமும் நன்றாக வரும். எக்ஸ் கிளாஸ் என்று பெயர். பழையவை சுவிட்சர்லாந்தின் விண்டர்தூரில் செய்தவை. பிறகு திருச்சி பொன்மலை ஒர்க்‌ஷாப்பிலேயே செய்ய ஆரம்பித்தார்கள், 2011 முதல் எண்ணெயில் எரிபவை, 2021இல் மறுபடியும் நிலக்கரியில் எரியும் ஒன்று. இதில் நான்கு சிலிண்டர்கள். சாதாரணப் பாதையில் இரண்டு மட்டும் வேலை செய்து சக்கரத்தை ஓட்டும். பல் தண்டவாளம் வந்ததும் அந்த இரண்டில் வேலை முடித்த நீராவி வீணாக வெளியே போகாமல் மற்ற இரண்டுக்குள் போய் பல்சக்கரத்தைச் சுற்றும். ஒரே நீராவிக்கு இரண்டு தடவை வேலை, நம் ஊர் டீக்கடைத் தூள் மாதிரி. பக்கவாட்டில் நின்று பார்த்தால் மேலே ஒரு ஜோடி, கீழே ஒரு ஜோடி என்று தண்டுகள் தனித்தனி வேகத்தில் அசைவது தெரியும். ஷட்டர் வேகத்தை 60இல் ஒரு பங்கு நொடிக்கு இறக்கி, ரயில் மெதுவாக நகரும்போது கேமராவையும் அதோடு சேர்த்து மேலும் கீழும் ஆடாமல் திருப்பியபடி அந்த இடத்தை மட்டும் எடுத்துப் பாருங்கள். இன்ஜின் தெளிவாக நிற்க, தண்டுகள் மட்டும் கலங்கும். முழு இன்ஜின் படம் எல்லோரிடமும் இருக்கிறது, இது இருக்காது.

வழியில் தண்ணீர் பிடிக்க நிற்பார்கள், ஹில்குரோவ்தான் அதில் பெரிய நிறுத்தம். எல்லோரும் இறங்கிவிடுவார்கள். ஒரு டீ, ஒரு வடை, கூடவே குரங்குகள். அந்தக் குரங்குகளைப் பற்றி எச்சரிக்காமல் விட்டால் பாவம். என் லென்ஸ் மூடியை பிஸ்கட் என்று நினைத்து எடுத்துக்கொண்டு ஓட்டின் மேல் ஏறி, கடித்துப் பார்த்து, பிடிக்காமல் பள்ளத்தில் எறிந்தது ஒன்று. பையை ஜிப் போட்டு மூடுங்கள், கையில் தின்பண்டம் வைத்துக்கொண்டு படம் எடுக்காதீர்கள், தீனி போடாதீர்கள்.

இறங்கியதும் எல்லோரும் செய்வது இன்ஜினுக்கு முன்னால் நின்று செல்ஃபி. கூட்டம் அங்கே மொய்க்கும்போது நீங்கள் கொஞ்சம் தள்ளிப் போய்ப் பக்கவாட்டில் நில்லுங்கள். தண்ணீர்க் குழாயிலிருந்து வழிவது, இன்ஜின் மேல் ஏறி நிற்கும் ஆள், எண்ணெய்க் குப்பியோடு குனிபவர், சக்கரத்தைத் தொட்டுப் பார்த்துச் சூடு தெரிந்துகொள்ளும் கை, இதெல்லாம் அந்தப் பக்கம்தான். கிளம்பும் விசில் அடித்ததும் ஏறிவிட வேண்டும், ஆனால் ஏறியவுடன் உட்கார்ந்துவிடாதீர்கள். நின்ற இன்ஜின் கிளம்பும்போது சிலிண்டரில் தேங்கிய தண்ணீரை வெளியேற்றத் திறப்பைத் திறந்துவிடுவார்கள், இரண்டு பக்கமும் வெள்ளையாக நீராவி பீறிடும். ரயிலில் இருப்பவருக்கு அதிக நீராவி கிடைப்பது அந்த அரை நிமிடத்தில்தான். பின்பெட்டியில் இருந்தால் ஜன்னல் வழியே அதைப் பிடித்துவிடலாம்.

இனி வெளிச்சம். இன்ஜின் அடர்நிறம், நீராவி வெள்ளை, பின்னால் கரும்பச்சைக் காடு. கேமராவைத் தானியங்கியில் விட்டால் அந்த இருண்ட நிறங்களைப் பார்த்து ஏமாந்து வெளிச்சத்தைக் கூட்டிவிடும், நீராவி ஒரு வெள்ளைத் திட்டாக விவரமே இல்லாமல் போய்விடும். முக்கால் ஸ்டாப் (ஸ்டாப் என்பது கேமராவில் வெளிச்சத்தை அளக்கும் படி) அளவு வெளிச்சத்தைக் குறைத்து எடுங்கள். நிழலில் இருப்பதைப் பிறகு கணினியில் மேலே கொண்டுவரலாம், வெளுத்துப் போன நீராவியை யாராலும் மீட்க முடியாது. ரா ஃபைலில், அதாவது கேமரா பதப்படுத்தாத மூலப் படமாக எடுப்பவர்களுக்கு இது தெரிந்திருக்கும். போனில் எடுப்பவர்கள் திரையில் நீராவியைத் தொட்டு வெளிச்சத்தைப் பூட்டிவிட்டு எடுத்தால் போதும். குகைப்பாதைகள் 16 இருக்கின்றன. உள்ளே ஒன்றும் வராது, வெளியே வரும் நொடியில் கேமரா குழம்பிவிடும், அதனால் குகைக்கு முன்பே அளவுகளைக் கையால் வைத்து விட்டுவிடுங்கள். குகைக்குள் எல்லாக் குழந்தைகளும் சேர்ந்து கத்துவார்கள், அந்த நேரத்தில் வீடியோவை ஓடவிட்டால் இருட்டும் கத்தலும் வெளிச்சமுமாக, நான் எடுத்த பல படங்களைவிட அது உயிரோடு இருக்கும்.

சத்தத்துக்காக ஒரு வார்த்தை. காற்று மைக்கில் அடித்தால் எல்லாம் பாழ். மைக் மேல் ஒரு சின்னப் பஞ்சு உறை, அதுவும் இல்லையென்றால் போனை ஜன்னலுக்கு வெளியே நீட்டாமல் உள்ளேயே மடியில் வைத்துப் பதிவு செய்யுங்கள். கைபேசியை நீட்டுவது வேறு வகையிலும் ஆபத்து, பாறையும் குகைச் சுவரும் மிக நெருக்கத்தில் வரும். தலையையும் கையையும் உள்ளே வைத்துக்கொள்ளுங்கள் என்று பிரேக்ஸ்மேன் சத்தம் போட்டால் அவர் சிடுமூஞ்சி அல்ல. பெட்டிக்கு ஒருவராக நின்று பிரேக் போடுபவர்களும், ஓட்டுநர் பின்னால் இருப்பதால் பாதையைப் பார்த்துக் கொடி காட்டி அவருக்குச் சொல்பவர்களும் அவர்கள்தான், அதாவது ரயிலின் கண் அவர்கள்.

குன்னூரில் நீராவி இன்ஜின் கழன்றுகொள்ளும். இன்ஜின் ஷெட் அங்கேதான் இருக்கிறது. டீசல் வந்து சேரும் நேரத்தில் நடைமேடையில் நின்றால் இன்ஜின் தனியாக விலகி ஷெட்டுக்குப் போவதைக் கூட்டம் இல்லாமல் எடுக்கலாம். ஷெட்டுக்குள் போக வேண்டுமென்றால் ஸ்டேஷன் மாஸ்டரிடம் கேளுங்கள், சொல்லாமல் நுழையாதீர்கள். குன்னூர்–ஊட்டி பகுதியைப் பற்றி நான் அதிகம் சொல்லப்போவதில்லை. அழகுதான், தேயிலையும் கேத்திப் பள்ளத்தாக்கும் யாருக்குப் பிடிக்காது, ஆனால் பல் தண்டவாளம் முடிந்ததுமே எனக்கு ஆர்வம் பாதி குறைந்துவிடும். வரலாற்றிலும் அப்படித்தான்: 1854இலேயே திட்டம் போட்டும் 1899இல்தான் குன்னூர் வரை ரயில் வந்தது, அங்கிருந்து ஊட்டிக்கு வர 1908 ஆகிவிட்டது. 2005இல் யுனெஸ்கோ பட்டியலில் சேர்ந்தது.

இரண்டாவது நாள், வெளியே நின்று எடுக்கும் நாள். அதிகாலை மேட்டுப்பாளையம் நடைமேடையில், இந்தத் தடவை கோயம்புத்தூர்ப் பக்க முனையில் நின்று இன்ஜின் கிளம்புவதை எடுங்கள். பிறகு பேருந்தோ காரோ பிடித்து மலைச்சாலையில் ஏறுங்கள். ரயில் மெதுவாகத்தான் வரும், குன்னூருக்கு அது வந்து சேர காலை பத்தரை ஆகும் என்பதால் சாலை வழியே போகும் உங்களுக்கு வழியில் டீ குடிக்கவும் நேரம் இருக்கும். பர்லியாரில் மங்குஸ்தான் சீசன் என்றால் வாங்கிச் சாப்பிடுங்கள், கை கழுவாமல் கேமராவைத் தொடாதீர்கள், அந்தத் தோலின் கறை போகாது. குன்னூரில் ஸ்டேஷனை ஒட்டிய ரயில்வே கேட்டில் ஜனங்களும் வண்டிகளும் காத்திருக்க ரயில் கடப்பது எனக்குப் பிடித்த காட்சி. வெறும் இன்ஜினைவிட ஊரோடு சேர்ந்த இன்ஜின் மேல்.

தண்டவாளத்தில் நடந்து போய் ஆற்றுப் பாலத்தில் நின்று எடுத்த படங்களைப் பார்த்திருப்பீர்கள். செய்யாதீர்கள். அத்துமீறி நுழைவது ரயில்வே சட்டத்தின் 147ஆம் பிரிவின்படி குற்றம், ஆறு மாதம் வரை சிறையோ ஆயிரம் ரூபாய் வரை அபராதமோ விதிக்கலாம். அதைவிட முக்கியம், கல்லாருக்கு மேலே யானை நடமாடும் காடு. யானைக்கு எந்தச் சட்டப் பிரிவும் தெரியாது. ட்ரோன் யோசனையையும் வீட்டிலேயே விட்டுவிட்டு வாருங்கள்.

மாலையில் இறங்கும் ரயிலை எடுப்பதிலும் ஒரு லாபம் உண்டு: இறங்கும்போது இன்ஜின் முன்னால் வரும். இன்ஜின் தலைமையில் ரயில் வளைந்து வருகிற மாதிரிப் படம் வேண்டுமென்றால் இதுதான் வழி. ஆனால் இறக்கத்தில் இன்ஜின் உழைக்காது, அதனால் ஏறும்போது இருந்த புகைக் கோலம் இருக்காது. புகை வேண்டுமா, முகம் வேண்டுமா என்று முதலிலேயே முடிவு செய்துகொண்டு போங்கள். பள்ளத்தாக்கில் வெயில் சீக்கிரமே மறைந்துவிடும், நாலரைக்கெல்லாம் கேமராவின் ஒளி உணரும் அளவான ஐஎஸ்ஓவைக் கூட்ட வேண்டியிருக்கும்.

எந்த மாதம் என்றால், ஜனவரியும் பிப்ரவரியும். குளிர்ந்த காற்றில்தான் நீராவி சட்டென்று நுண்ணிய நீர்த்துளிகளாகி வெள்ளையாகத் தெரியும், கோடை வெயிலில் அதே நீராவி புகைபோக்கியிலிருந்து ஓரடி போவதற்குள் காணாமல் போய்விடும். அக்டோபர் முதல் டிசம்பர் வரை பச்சையும் அருவியும் அள்ளும், ஆனால் வடகிழக்குப் பருவமழையில் கல்லாருக்கும் குன்னூருக்கும் நடுவே மண் சரிந்து ரயிலை நாள் கணக்கில் நிறுத்திவிடுவார்கள். அந்த மாதங்களில் போவதென்றால் முந்தைய நாள் விசாரித்துவிட்டுக் கிளம்புங்கள், ரயில் ரத்தானாலும் ஊட்டிக்குப் பேருந்து இருக்கிறது.

சாயங்காலம் ஐந்தரை மணிக்கு மேல் மேட்டுப்பாளையம் வந்து சேர்ந்தால், சென்னை போகும் நீலகிரி எக்ஸ்பிரஸுக்கு இன்னும் மூன்று மணி நேரத்துக்கு மேல் இருக்கும். முகம் கழுவுங்கள், காதுக்குப் பின்னாலும் கரி இருக்கும். லென்ஸைத் துணியால் துடைக்காதீர்கள், கரித்தூள் மணல் மாதிரி கீறிவிடும். முதலில் ஊதிவிடும் பம்ப்பால் ஊதி, பிறகு மெல்லிய துணி. அதன் பிறகு சாப்பிடப் போங்கள்.